வெளிப்பக்கத்துப் பூ

பீர்க்கன்கரணையில் தனம் வீட்டிலிருந்து மூன்று பூக்களை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு என் மனைவி ஜோசலின் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலையில் படித்த செய்தித்தாளையே மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன இது, ஹெல்மெட்டோட வந்து நிக்கிற?"

"வாடுறதுக்குள்ள சேக்கணும். நீங்க பேப்பரப் படிங்க சூப்பர்வைசர்."

பிறகு வியர்வை தாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றி என் மடியில் வைத்தாள். அடுத்த அரைமணி நேரம் அது என் மடியில்தான் இருந்தது.

சூப்பர்வைசர் என்று அவள் என்னைக் கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. எனக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. முப்பத்தாறு வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். மேல் தட்டுப் புத்தகங்களுக்காக ஏணியில் ஏறி இறங்கியதன் பலன் என்று மருத்துவர் சொன்னார். அதனால் வீட்டில் வேலை எல்லாம் ஜோசலினுடையது, குறை சொல்வது என்னுடையது. இந்தத் தொட்டியில் களை இருக்கிறது, அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டுவேன். அவள் போய்ச் செய்வாள். செய்துவிட்டு ஏதாவது ஒன்று சொல்வாள்.

எங்கள் பாஷன் ஃப்ரூட் கொடிக்கு அப்போது மூன்று வயது. ஜோசலின் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மாதம் வைத்தது. இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்கும் நடுவில் உள்ள மூன்றடிச் சந்தில் வேர் பிடித்து, குழாய் வழியாக மாடிக்கு ஏறி, கம்பிப் பந்தலில் படர்ந்திருந்தது. முதல் இரண்டு வருடம் பூத்துத் தள்ளியது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று எங்கள் திருச்சபையில் ஒருவர் வீட்டுக் கொடியிலிருந்து இரண்டு துண்டு வெட்டி வாங்கி, இரண்டையும் நட்டிருந்தோம். வண்டலூர்ப் பக்கம் ஒரு நர்சரிக்காரரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே கொடியில வெட்டினதா? அப்ப ரெண்டு செடி இல்லம்மா, ஒண்ணுதான். மஞ்சப் பழக் கொடி தன் மகரந்தத்தத் தானே ஏத்துக்காது. வேற விதையில முளைச்சது வேணும்."

ஜோசலின் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "இருபத்தெட்டு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கேன். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு நெனச்சு ரெண்டு வருஷம் தண்ணி ஊத்தியிருக்கேன் பாருங்க."

அவளோடு வேலை பார்த்த தனம் கேரளத்திலிருந்து வந்த பழத்தின் விதையைப் போட்டு நான்கு கொடி வளர்த்திருந்தாள். ஏரிக்கரை பக்கத்து வீடு. கருவண்டுகள் பறந்துகொண்டே இருக்கும். அவளுக்குக் காய்த்துக் கொட்டியது. எங்கள் தெருவில் வண்டு இல்லை. அதனால் ஜோசலினே வண்டானாள். இந்தப் பூ உச்சிவேளையில் விரியும், பொழுது சாய்வதற்குள் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஸ்கூட்டியில் போய், தனத்தின் கொடியில் புதிதாக விரிந்த பூவை வாங்கி வந்து, அதன் மகரந்தப் பையை விரல் நுனியில் எடுத்து, எங்கள் பூவின் நடுவே நிமிர்ந்து நிற்கும் மூன்று முனைகளிலும் தடவ வேண்டும். தடவிய பூவின் காம்பில் ஒரு நூல் கட்டுவாள். வாரத்துக்கு ஒரு நிறம். நிறத்தைப் பார்த்தால் எந்த வாரத்துக் காய், எப்போது பழுக்கும் என்று சொல்லிவிடலாம். அந்த வாரம் சிவப்பு.

"என்ன, தாலி கட்டுறியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆமா. பத்திரிகைதான் அடிக்கல."

முதல் பழங்கள் அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்துக்குப் போக வேண்டும், அதற்கு முன் வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். தனம் தன் வீட்டுப் பழங்களைக் கொடுத்தபோதுகூட அவள் சாப்பிடவில்லை. "என்னோடது காய்க்கட்டும், அப்புறம்" என்று எனக்கு மட்டும் உப்பும் மிளகுத்தூளும் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

அன்று மாடியில் பத்துப் பூ விரிந்திருந்தது. பந்தலுக்குள் ஒன்பது. அந்த ஒன்பதையும் அவள் முடித்து, நூலும் கட்டிவிட்டாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். அதை எழுதும்போது என் கை நிற்கிறது, மூடிவிட்டாள்.

"ஜோசி, வெளிப்பக்கம் ஒண்ணு இருக்கே. அத விட்டுட்ட."

கைப்பிடிச் சுவருக்கு வெளியே, பக்கத்து வீட்டுப் பக்கமாக, ஒரு கிளை தொங்கிக்கொண்டிருந்தது. இலைகளுக்கு நடுவில் அந்தப் பூ என் நாற்காலியிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

"அது எட்டாதுங்க."

"டப்பாவப் போட்டு ஏறு. கைக்கு வந்துடும்."

பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். தடவினாள். பிறகு கம்பியை விட்டு இரண்டு கையாலும் நூலைக் கட்டி, கத்தரியால் நுனியை வெட்டினாள். என் பக்கம் திரும்பினாள்.

"திருப்தியா?" என்றாள்.

டப்பா நகர்ந்தது. நான் ஹெல்மெட்டை மடியில் வைத்தபடியே எழ முயன்றேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மருத்துவமனையில் முடிந்துவிட்டது.

*

இதற்கு முந்தின நாள் மாலை நடந்ததைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். பக்கத்து வீடு அனந்தகிருஷ்ணனுடையது. டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெரு நலச்சங்கத்துக்குச் செயலாளர். சாக்கடை, தெருவிளக்கு எதுவானாலும் மனு எழுதுகிறவர் அவர்தான். எங்கள் கொடியில் முள்ளு முள்ளாக ஒரு புழு வரும். அது அவர்கள் வீட்டுச் சன்னல் வழியாக உள்ளே இறங்கியது. அவர் மனைவி ரமாவுக்குக் கழுத்து, கை எல்லாம் தடித்துவிட்டது. அவர் இரண்டு தடவை நயமாகச் சொன்னார். மூன்றாம் தடவை, அந்தப் புதன்கிழமை, தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"மேடம், எத்தனை தடவ சொல்றது? எங்க பக்கம் வர்றத வெட்டுங்க. இல்லேன்னா நானே ஏணி போட்டு ஏறி வெட்டிடுவேன். அப்புறம் வருத்தப்படாதீங்க."

"பூவா இருக்கு சார். காய் எறங்கினதும் வெட்டிடுறேன்" என்றாள் ஜோசலின்.

"உங்களுக்குப் பூ. எங்களுக்குப் புழு."

தெருவில் நான்கைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோசலின் கோபித்துக்கொள்ளவில்லை. "நியாயந்தானே, பாவம் அந்தம்மாவுக்கு அரிக்குது" என்று உள்ளே வந்து சொன்னாள்.

மறுநாள் அவள் அந்தச் சந்தில் விழுந்து கிடந்தபோது பக்கத்தில் கத்தரி கிடந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஜெயக்கொடிதான் முதலில் ஓடி வந்தவள். மருத்துவமனை வாசலில் அவள் அழுதுகொண்டே எல்லாரிடமும் சொன்னாள்: "நேத்து சாய்ந்தரம் அந்த சாரு கொடிய வெட்டு வெட்டுன்னு கத்திகினு இருந்தாரு. அதுக்குத்தான் அம்மா மேல ஏறிக்கீது. கத்திரியோட கெடந்துச்சே. நான் என் கண்ணால பாத்தேன்."

நான் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

காவல் நிலையத்திலிருந்து வந்தவர் இளைஞர்; தன்மையாகவே பேசினார். "கொடி வெட்டும்போது தவறி விழுந்துட்டாங்க. அப்படித்தானே சார்? இங்க ஒரு கையெழுத்து." துக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். பார்த்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். அது தொழில் பழக்கம். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டெபின் ஹைதராபாத்திலிருந்து மறுநாள் காலை வந்தான். எங்களுக்கு ஒரே மகன். வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அம்மா ஏன்ப்பா அங்க ஏறினாங்க? யாருப்பா ஏறச் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு ஒரு சொல் போதும். நான் அழுதேன். அழுகை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பக்கத்தில் நின்ற ஜெயக்கொடி பதில் சொன்னாள்.

அடக்க ஆராதனைக்கு முன் வீட்டில் உடலை வைத்திருந்தபோது அனந்தகிருஷ்ணன் ரோஜா மாலையோடு வந்தார். ஸ்டெபின் கேட்டருகில் போய் நின்றான்.

"அங்கிள், உள்ள வராதீங்க."

"ஸ்டெபின்... ஒரே ஒரு நிமிஷம். பாத்துட்டுப் போயிடறேன்."

"ஏணி போட்டு ஏறுவேன்னீங்களாமே. எங்கம்மாவே ஏறிட்டாங்க. போங்க அங்கிள்."

அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே சிறிது நேரம் நின்றார். பிறகு காம்பவுண்டுச் சுவர்மேல் அதை வைத்துவிட்டுப் போனார். நான் சவப்பெட்டியின் தலைமாட்டில் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லலாம். குரல் கொடுக்க முழங்கால் தேவையில்லை.

அந்த வாரமே ஸ்டெபின் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டியதால்தான் எங்கள் அம்மா செத்தார்கள் என்று நேராகவே எழுதினான். கீழே ஒவ்வொருவராக ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், செயலாளர் பதவியில் இருப்பவர் நாவை அடக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் அனந்தகிருஷ்ணன் குழுவிலிருந்து விலகினார் என்று ஒரு வரி வந்தது.

ஊருக்குக் கிளம்புமுன் ஸ்டெபின் சொன்னான். "அந்தக் கொடிய மொதல்ல வெட்டிப் போடுங்கப்பா. பாக்கவே முடியல."

"காய் பிடிச்சிருக்குடா. உங்கம்மா ஆலயத்துக்கு நேர்ந்தது."



*

முந்தின வாரங்களில் சேர்த்த பூக்களில் எதுவும் நிற்கவில்லை என்றே நினைத்திருந்தேன்; சிவப்பு நூல் கட்டிய ஒன்பதில் இரண்டு பிஞ்சிலேயே வெம்பி உதிர்ந்தன. ஏழு நின்றன. பத்து நாளில் கோழி முட்டை அளவு வந்துவிட்டது. பிறகு வளர்ச்சி தெரியாமல், பச்சையாக, கனத்துக்கொண்டே போயின. தினமும் காலையில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, தண்ணீர் ஊற்றினேன். புழுவைக் குச்சியால் தட்டி வாளியில் போட்டேன். ஜோசலின் இருந்தவரை ஒருநாள்கூட நான் செய்யாத வேலை. எவ்வளவு எளிதாக இருந்தது என்பதும் தெரிந்தது.

வெளிப்பக்கத்துப் பூவும் பிடித்திருந்தது. கைப்பிடிச் சுவரில் மார்பைச் சாய்த்து எட்டிப் பார்த்தால் இலைக்கடியில் தெரியும். மற்ற ஏழு காய்களையும்விடப் பெரியது. காம்பில் சிவப்பு நூல் ஒழுங்காக இரண்டு முடிச்சுப் போட்டு, நுனி வெட்டப்பட்டு இருந்தது. வெட்டப் போகிறவள் யாராவது நூல் கட்டுவாளா? அந்த நூலைப் பற்றித் தெரிந்தவர் யார் பார்த்தாலும் கேட்கக்கூடிய கேள்வி அது. ஸ்டெபினுக்குத் தெரியாது. ஜெயக்கொடிக்குத் தெரியாது. தனம் இங்கே வருவதில்லை.

ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் துணி எடுக்கும் கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அந்தக் காயை இழுத்துக் கீழே தள்ளிவிடுவது என்றுதான். அவள் கடைசியாகத் தொட்டது அதுதான் என்று தெரிந்தும் போனேன். கம்பை வெளியே நீட்டியபோது கீழே கொல்லைப்புறத்தில் ரமா நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கம்பை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நான் இறங்கி வருவதற்குள் அவள் சந்தின் சுவரருகே வந்து நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள்.

"அண்ணா, வெட்ட வேண்டாம்ணா. இருந்துட்டுப் போகட்டும்."

"வெட்டலம்மா."

"ஒண்ணு சொல்லணும். இத்தனை நாளா சொல்ல தைரியம் வரல." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு அவரைக் கத்தச் சொன்னது நான்தான். நயமா சொன்னா கேக்க மாட்டாங்க, தெருவுல நின்னு சொல்லுங்கன்னு நான்தான் தள்ளி விட்டேன். அவரு என்னைக் காட்டிக் குடுக்கல. இப்ப சரியா சாப்பிடறதில்ல. வெளில போறதில்ல. ஒரு வார்த்தைல ஒரு உசிரு போச்சேன்னு சொல்லிண்டே இருக்கார். நான் பண்ணினதுண்ணா அது. என்னை மன்னிச்சிடுங்கோ."

இதைவிட வசதியான இடம் ஒரு மனிதனுக்கு உண்மை சொல்ல அமையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், வேறு ஒருவரும் இல்லை.

"விடும்மா," என்றேன். "நடந்தது நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காத."

அவள் கைகூப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று ஜெயக்கொடி வைத்துவிட்டுப் போன சாதத்தை நான் பசித்துச் சாப்பிட்டேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

*

செப்டம்பர் பாதியில் காய்கள் மஞ்சளாயின. இந்தப் பழத்தைப் பறிக்கக் கூடாது. தானாக விழ வேண்டும் என்று ஜோசலின் சொல்வாள். பந்தலுக்குக் கீழே பழைய போர்வையை விரித்து வைத்தேன். முதல் நாள் இரண்டு விழுந்தன. அடுத்த நாள் ஒன்று. நான்கு நாளில் ஏழும் போர்வைக்கு வந்துவிட்டன. மூங்கில் கூடையில் வைத்தேன். வீடு முழுக்க வாசனை. நாள் ஆக ஆகத் தோல் சுருங்கும், சுருங்கினால்தான் இனிப்பு என்பதும் அவள் சொன்னதுதான்.

எட்டாவது பழம் என் பக்கம் விழவில்லை.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும், கேட்டருகில் அனந்தகிருஷ்ணன் நின்றார். எழுபது நாளில் அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். சவரம் செய்துகொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு, ஏதோ அலுவலகத்துக்கு வருகிறவர் போல வந்திருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் பழம்.

"எங்க பக்கம் விழுந்துச்சு சார். முதல் பழம் சர்ச்சுக்குன்னு மேடம் சொல்லியிருக்காங்க. அதான்... வெச்சுக்க மனசு வரல."

நான் தட்டை வாங்கினேன். காம்போடு விழுந்திருந்தது. சிவப்பு நூல் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. அவர் போகவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க."

"கேளுங்க."

"மேடம் ஒரு தடவ சுவத்துக்கு மேல இருந்து எனக்கு இதெல்லாம் சொன்னாங்க. பூவுக்குப் பூ சேத்தா நூல் கட்டுவேன், வாரத்துக்கு ஒரு கலர்னு. என்ன மேடம், ஃபைலுக்கு டேக் போடற மாதிரியான்னு கேட்டேன். சிரிச்சாங்க." அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இது எங்க பக்கத்துப் பூ. இதுல நூல் இருக்கு. அன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கம் எந்தக் காயும் இல்ல, எனக்கு நல்லாத் தெரியும், தினமும் அந்தச் சன்னல்லதான் நிப்பேன். ரெண்டு நாளா இத வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். மேடம் அன்னிக்கு வெட்ட வரல. இல்லையா சார்?"

அவர் கேட்ட விதத்தில் குற்றச்சாட்டு இல்லை. சரியான விடை என்று தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஆசிரியரிடம் காட்டும் மாணவன்போல, பயந்து கேட்டார். இல்லை, எனக்குத் தெரியாது, பார்க்கவில்லை என்று நான் சொன்னால் அதையும் நம்பிவிட்டுப் போயிருப்பார். எழுபது நாளாக நம்பினாரே.

"வெட்ட வரல," என்றேன். "பாக்ஸ மூடிட்டா. அந்தப் பூவ விட்டுட்டன்னு நான்தான் காட்டினேன். எட்டாதுன்னா. டப்பா போட்டு ஏறுன்னு சொன்னேன்."

அவர் கேட்டுக் கம்பியை ஒருமுறை தடவிப் பார்த்தார். துருப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் மாலையோட வந்தப்ப?"

"தெரியும்."

தலையை ஆட்டினார். "ரமாகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா, என்னைத் தேத்தறதுக்குன்னு நெனச்சுப்பா."

அவர் முன்னால் நடந்தார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பின்னால் போனேன். கூடத்தில் ரமா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கோண்ணா" என்று நாற்காலியைத் துடைத்தாள். நான் உட்காரவில்லை. சொன்னேன். அவரிடம் சொன்னதைவிட முழுதாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டதையும் கொக்கிக் கம்பையும் சேர்த்து.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கையில் இருந்த கீரைக்கட்டைத் தரையில் வைத்தாள்.

"சுவத்துகிட்ட நான் வந்து கேட்டேனேண்ணா. மன்னிச்சிடுங்கோன்னு கேட்டேன். விடும்மான்னு சொன்னீங்களே."



"பெரிய மனசு பண்ணி சொன்னீங்க. நான் அவருகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன், அண்ணா மன்னிச்சிட்டாருன்னு. கோயில்ல போய் தேங்காய் உடைச்சேன்." குரல் உயரவே இல்லை. "நீங்க போயிடுங்கோ."

நான் வந்துவிட்டேன்.

ஸ்டெபினுக்கு அன்று மாலையே போன் செய்தேன். முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டான். பின்னணியில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதை நிறுத்தினார்கள்.

"இத ஏன்ப்பா இப்ப சொல்றீங்க?"

"அவரு மேல போட்டது பொய்டா. குரூப்ல நீ எழுதினத மாத்தி எழுதணும்."

"நான் எழுதணுமா? நான் கேட்டப்ப நீங்க அழுதீங்க. நான் உங்களக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அந்த அங்கிள்கிட்ட நான் பேசினதெல்லாம்... வைக்கிறேன்ப்பா."

நானே எழுதினேன். மூன்று தடவை எழுதி அழித்து, கடைசியில் ஆறு வரி. நான் காட்டினேன், நான் ஏறச் சொன்னேன், அனந்தகிருஷ்ணன் சார் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இத்தனை நாள் மறைத்தது என் தவறு. ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். இன்னொருவர், இந்த வயதில் உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள் அங்கிள் என்றார். நான் பெருந்தன்மையால் பழியை என்மேல் போட்டுக்கொள்கிறேன் என்று பாதித் தெரு நினைத்தது. ஜெயக்கொடியே சொன்னாள்: "அய்யா, நீ ரொம்ப நல்லவன்யா. அந்தாளுக்காவ இன்னாத்துக்கு நீ இப்டி எழுதுற?" அவளுக்கு இரண்டு தடவை விளக்கினேன். தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே "சரிய்யா, சரிய்யா" என்றாள்.

காவல் நிலையத்துக்கும் போனேன். அந்த இளைஞர் மாற்றலாகிப் போயிருந்தார். வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தவறி விழுந்ததுதானே சார்? எதுக்கு ஏறினா என்ன?" என்று எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பழங்களையும் கூடையில் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். கரும்பு, பூசணி, வாழைத்தார், ஒருவர் கொண்டுவந்திருந்த உயிருள்ள சேவல் எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தேன். சுருங்கிய பழங்களைப் பார்த்து, அழுகிவிட்டது என்று எண்ணி ஒரு பெண் கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். ஆயர் ஜோசலின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்.

அதற்கடுத்த வாரம் வேறு நிற நூல் கட்டிய பழம் ஒன்று விழுந்தது. அவள் விழுவதற்கு ஒரு வாரம் முன் கட்டிய பச்சை நூல். எப்படியோ பிந்திப் பழுத்தது, இலைக்குள் நான் கவனிக்காதது. நேர்த்திக்கடன் முடிந்துவிட்டது, இனிச் சாப்பிடலாம். சமையலறையில் நின்றுகொண்டே இரண்டாக வெட்டினேன். மஞ்சள் கூழும் கறுப்பு விதையுமாக நிறைந்திருந்தது. உப்பும் மிளகும் போடவில்லை. கரண்டியால் எடுத்துத் தின்றேன். புளிப்பு முன்னால் வந்தது, இனிப்பு பின்னால் வந்தது, வாசனை மூக்கில் ஏறியது. ஒரு பாதியைத் தின்று முடித்துக் கரண்டியை வைத்தேன். மற்றப் பாதியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. அதையும் தின்றேன். நல்ல பழம்.

கொடியின் வெளிப்பக்கத்தை ஆள் வைத்து வெட்டிவிட்டேன். புழு வராமல் அந்தப் பக்கம் வலை கட்டியாயிற்று. ரமா அதற்கு நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெபின் மாதம் ஒருமுறை பேசுகிறான். மருந்து இருக்கிறதா என்று கேட்கிறான். இருக்கிறது என்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்குத் தனியாகப் போய் அரைமணி நேரம் இருந்துவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று சொல்லவில்லை.

காலையில் பால் பூத்துக்கு நான்தான் போகிறேன். அனந்தகிருஷ்ணனும் வருகிறார். நான் முன்னால் நின்றால் அவர் தெருவைப் பார்க்கிறார். அவர் முன்னால் நின்றால் நான் அவருடைய செருப்பைப் பார்க்கிறேன். அவர் வாங்குவது அரை லிட்டர் நீலப் பாக்கெட் இரண்டு.